திருகோணமலையிலிருந்து மருத்துவபீடம்: விண்ணப்பம், தெரிவு வரிசை, வளாகம், நேர்முகம்

உயர்தரப் பெறுபேறு வந்த கிழமையில் உப்புவெளியில் எங்கள் வீட்டு விறாந்தை நிறைந்துவிடும். உயிரியல் பிரிவில் நன்றாகச் செய்த பிள்ளைகள், அவர்களைவிடப் பதற்றமாக அம்மா அப்பாமார். நான் மட்டக்களப்பில் மருத்துவம் படித்தவள். வேலைக்கு வந்த பிறகு பக்கத்து வீட்டுத் தம்பிக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்ததில் தொடங்கியது, இப்போது வருடா வருடம் நடக்கிறது. பிள்ளைகள் தடுக்கி விழும் இடங்கள் அநேகமாக அதே இடங்கள்தான். அவற்றைக் காரியம் நடக்கும் ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. இலங்கையின் அரச மருத்துவபீடங்களுக்கு நேர்முகப் பரீட்சை கிடையாது. உங்கள் இசட் புள்ளி (உயர்தரப் புள்ளிகளிலிருந்து கணக்கிடும் அளவு, 3ஆம் பகுதியில் விளக்குகிறேன்), உங்கள் மாவட்டம், நீங்கள் எழுதிக்கொடுக்கும் தெரிவு வரிசை, இந்த மூன்றும்தான் முடிவு செய்கின்றன. நேர்முகம் வருவது வேறு சில வழிகளில். அதை 8ஆம் பகுதியில் சொல்கிறேன்.

1. உங்கள் மாவட்டம் எது என்று முதலில் உறுதி செய்யுங்கள்

மருத்துவத்துக்கான இடங்கள் மூன்று பங்காகப் பிரிகின்றன. 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகும். 55 வீதம் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகை விகிதப்படி பிரியும். மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. திருகோணமலை அந்த 16இல் ஒன்று.

இதனால் மாவட்டம் மாறினால் கணக்கே மாறிவிடும். பாடசாலை மூலம் தோற்றியவருக்கு, உயர்தரத்துக்கு முந்திய மூன்று வருடங்களில் எந்த மாவட்டத்துப் பாடசாலையில் படித்தார் என்பதைத்தான் பார்ப்பார்கள். வீடு எங்கே இருக்கிறது என்பது அங்கே எடுபடாது. தனிப்பட்ட பரீட்சார்த்தி என்றால் நிரந்தர வதிவிடமும் பார்க்கப்படலாம்.

இங்கேதான் முதல் அடி விழுகிறது. சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு வந்ததும், மூதூரிலும் தம்பலகாமத்திலும் இருந்து பிள்ளைகளைக் கண்டிக்கோ கொழும்புக்கோ பாடசாலை மாற்றிவிடுகிறார்கள். இரண்டு வருடம் கழித்து வந்து, "எங்கட வீடு மூதூர்தானே, ஏன் திருகோணமலை கோட்டாவுக்குள் வரவில்லை?" என்று கேட்கும்போது பதில் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. நல்ல ஆசிரியர் வெளியூரில் இருந்தால் விடுமுறைக்குப் போய் ரியூசன் எடுக்கலாம். பாடசாலையை மாற்றும் முன் மாவட்ட விதியை வடிவாக வாசியுங்கள். உங்கள் பிள்ளை இப்போது பதினோராம் வகுப்பில் இருந்தால், இந்த வழிகாட்டியில் உங்களுக்கு இன்றைக்கே தேவையான பகுதி இது ஒன்றுதான்.

2. பெறுபேறு வரும் முன்பே கடதாசிகளைச் சேர்த்து வையுங்கள்

பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை சில மாதங்கள் கிடைக்கும். அந்த மாதங்களில் செய்யாத வேலையை விண்ணப்பத்துக்குக் கொடுக்கும் சில கிழமைகளில் செய்யப் போனால் மூச்சு முட்டும்.

வேண்டியவை: பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, பாடசாலை விடுகைப் பத்திரம், கடைசி மூன்று வருடமும் படித்த பாடசாலைகளில் சேர்ந்த, விலகிய திகதிகள், சாதாரண தர, உயர்தரப் பெறுபேற்றுப் பிரதிகள். பிள்ளைக்குச் சொந்தமான ஒரு மின்னஞ்சல் முகவரியும் கைபேசி இலக்கமும் வேண்டும். கொமினிக்கேசன் கடைக்காரர் தன்னுடைய மின்னஞ்சலைப் போட்டு விண்ணப்பத்தைத் திறந்துவிட்ட பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். பின்னால் வரும் அறிவித்தல் எல்லாம் அவருக்குப் போகும், உங்களுக்கு வராது.

எல்லாவற்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு தங்கச்சிக்குப் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி. இரண்டு எழுத்துத்தான் வித்தியாசம். அதைத் தீர்க்க அவளுடைய வாப்பா மூன்று நாள் கூலியை விட்டுவிட்டு அலைந்தார். விண்ணப்பத்துக்கு முன்பே கண்டுபிடித்ததால் தப்பியது. முதலெழுத்து விடுபடுவது, ஊர்ப் பெயர் சேர்வது, ஆங்கில எழுத்துக்கூட்டல் மாறுவது, இந்த மூன்றும்தான் அடிக்கடி வருபவை.

வதிவிடத்தை உறுதிப்படுத்தும் கடிதம் வேண்டுமென்றால், கிராம உத்தியோகத்தரின் அலுவலக நாளைக் கேட்டுக்கொண்டு போங்கள். அதன் பிறகு பிரதேச செயலகக் கையொப்பமும் தேவைப்படலாம். இரண்டும் ஒரே நாளில் முடியும் என்று எண்ணிப் புறப்பட வேண்டாம்.

3. இசட் புள்ளியை வாசிக்கப் பழகுங்கள்

இசட் புள்ளி என்பது உங்கள் புள்ளி அந்தப் பாடத்தின் சராசரியிலிருந்து எவ்வளவு தூரம் விலகி நிற்கிறது என்ற அளவு. உங்கள் புள்ளியிலிருந்து சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுக்க வேண்டும். ஒரு பாடத்தின் சராசரி 45, நியம விலகல் 15 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 75 எடுத்தால் அந்தப் பாடத்துக்கு 2.0. உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றுக்கும் இப்படிக் கண்டு, கூட்டி மூன்றால் வகுத்தால் உங்கள் இசட் புள்ளி வரும்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. மூன்று ஏ எடுத்த இரண்டு பேரின் இசட் புள்ளி ஒன்றாக இராது. "அவனுக்கும் மூன்று ஏ, எனக்கும் மூன்று ஏ, அவனுக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது?" என்று மனம் நொந்து நிற்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினால் கொஞ்சம் ஆறுதல் வரும்.

உயர்தரத்தோடு சேர்த்து எழுதும் பொதுச் சாதாரணப் பரீட்சையை மறக்க வேண்டாம். இசட் புள்ளி எவ்வளவு உயர்ந்தாலும், அதில் 100க்கு 30 ஆவது எடுத்திருக்க வேண்டும். உயிரியல்காரர் பலர் அதற்கு ஒரு நாள்கூட ஒதுக்குவதில்லை.

அடுத்தது வெட்டுப்புள்ளி அட்டவணை. வெட்டுப்புள்ளி என்பது ஓரிடத்துக்குக் கடைசியாகத் தெரிவானவரின் இசட் புள்ளி. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, நாங்கள் எல்லோரும் யூஜிசி என்று சொல்வது, முந்திய வருடங்களின் அட்டவணையை வெளியிடுகிறது. ஒரு பக்கம் மாவட்டங்கள், மறுபக்கம் ஒவ்வொரு பட்டப்படிப்பும் பல்கலைக்கழகமும். திருகோணமலை வரிசையில் விரலை வைத்து மருத்துவ நிரல்களைப் பாருங்கள். சில கட்டங்களில் என்கியூசி என்று இருக்கும். அந்த மாவட்டத்திலிருந்து அந்த இடத்துக்குத் தகுதியானவர் எவரும் வரவில்லை என்பது பொருள். வெட்டுப்புள்ளி பூச்சியம் என்று அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒரு வருட அட்டவணையை மட்டும் பார்க்காமல் மூன்று வருடத்தையாவது ஒரு கடதாசியில் எழுதுங்கள். வெட்டுப்புள்ளி வருடத்துக்கு வருடம் ஏறும், இறங்கும். அது உங்கள் நிலையைக் காட்டும் ஒரு குறிப்பு, அவ்வளவே. இந்த வருடத்தைப் பற்றி அது வாக்குக் கொடுப்பதில்லை.

பெறுபேறு எதிர்பார்த்ததைவிட மிகக் குறைந்தால், மீள்பரிசீலனைக்கான திகதி தவறும் முன் விண்ணப்பியுங்கள். அதன் முடிவு வரட்டும் என்று பல்கலைக்கழக விண்ணப்பத்தைத் தள்ளிப்போட வேண்டாம். இரண்டும் தனித்தனி வேலைகள்.

4. தெரிவு வரிசை: விரும்பும் ஒழுங்கில் எழுதுங்கள்

விண்ணப்பத்தில் நீங்கள் எழுதப்போவது பட்டப்படிப்பும் பல்கலைக்கழகமும் சேர்ந்த குறியீடுகள். யூனி-கோட் என்பார்கள். கொழும்பில் மருத்துவம் ஒரு குறியீடு, யாழ்ப்பாணத்தில் மருத்துவம் இன்னொன்று. அவற்றை முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று அடுக்க வேண்டும்.

தெரிவு எப்படி நடக்கிறது என்று புரிந்தால் பாதிப் பயம் போய்விடும். உயர்ந்த இசட் புள்ளி உள்ளவரிலிருந்து தொடங்கும். அவர் எழுதிய முதலாவது இடத்தில் அவருக்கு வாய்ப்பிருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அவர் அங்கே. இல்லாவிட்டால் இரண்டாவது, பிறகு மூன்றாவது. அவருடைய கதை முடிந்ததும் அடுத்தவர்.

ஆகவே எட்டாத ஓரிடத்தை மேலே எழுதியதற்காக, கீழே இருக்கும் இடத்தில் உங்கள் வாய்ப்புக் குறையாது. பெற்றோரை நம்பவைக்க நான் மிகவும் பாடுபடுவது இந்த ஒரு விஷயத்தில்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் மூதூரிலிருந்து ஒரு தம்பி தகப்பனோடு வந்தார். படிவம் ஏற்கனவே பென்சிலால் நிரப்பியாயிற்று. தம்பிக்குப் பேராதனை ஆசை. ஆனால் யாரோ, "பேராதனையை முதலில் போட்டுக் கிடைக்காவிட்டால் மட்டக்களப்பும் போய்விடும், மட்டக்களப்பை முதலில் போடு" என்று சொல்லியிருக்கிறார். அப்படியே எழுதி வைத்திருந்தார்கள். நான் ஐந்து தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்து ஐந்து இடம் என்றேன். ஆறு பேரின் பெயரைத் துண்டில் எழுதி, புள்ளி வரிசைப்படி ஒவ்வொருவரையும் அவரவர் விரும்பிய கோப்பைக்கு அனுப்பிக் காட்டினேன். மூன்றாவது துண்டிலேயே தகப்பனுக்கு விளங்கிவிட்டது. அழிறப்பரை எடுத்து அவரே அழித்தார். தம்பி பேராதனையை முதலில் எழுதினார். அவருக்குக் கிடைத்தது மட்டக்களப்புத்தான். முதலில் போட்டிருந்தாலும் அதுதான் கிடைத்திருக்கும்.

இதற்கு நேரெதிரான பிழையும் நடக்கிறது. விருப்பமே இல்லாத ஓரிடத்தை, பெயருக்காக மேலே எழுதுவது. அது கிடைத்துவிட்டால் கீழே எழுதிய எதையும் பிறகு பார்க்க மாட்டார்கள். ஆகவே ஒவ்வொரு வரியிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதுவும் இதற்கு அடுத்ததும் ஒன்றாகக் கையில் வந்தால் எதை எடுப்பேன்?

குறியீட்டைப் படிவத்தில் ஏற்றும்போது ஒருவர் யூஜிசியின் அனுமதிக் கைந்நூலைப் பார்த்து உரக்க வாசிக்கட்டும், மற்றவர் திரையைப் பார்க்கட்டும். ஒரு எழுத்து மாறினால் பல்கலைக்கழகமே மாறும்.

5. வளாகத்தைத் தெரிவு செய்தல்

அடுக்கத் தெரிந்துவிட்டது. எதை எதற்கு மேல் வைப்பது? எல்லா அரச மருத்துவபீடமும் ஆங்கிலத்தில்தான் கற்பிக்கின்றன. எல்லாம் ஐந்து வருடம், எல்லாவற்றிலும் பெறுவது எம்பிபிஎஸ், படிப்புக்குக் கட்டணம் இல்லை. அதன் பிறகு ஒரு வருட உள்ளகப் பயிற்சி. எங்கே படித்தாலும் நீங்கள் டொக்டர்தான். அதனால் பழம்பெருமையைத் தள்ளிவைத்துவிட்டு அன்றாடத்தை யோசியுங்கள்.

முதலாவது, நோயாளியின் மொழி. விண்ணப்பிக்கும் பிள்ளைகள் இதைப் பற்றி ஒருபோதும் கேட்பதில்லை, நான்தான் எடுத்துச் சொல்வேன். விரிவுரை ஆங்கிலத்தில் நடந்தாலும், வாட்டுக்குள் கால் வைத்த நாளிலிருந்து ஹிஸ்டரி எடுப்பது, அதாவது நோயின் விபரத்தைக் கேட்டறிவது, நோயாளி பேசும் மொழியில். யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையிலும் மட்டக்களப்பிலும் பெரும்பாலும் தமிழ். கொழும்பு, பேராதனை, ஶ்ரீ ஜயவர்த்தனபுர, களனிப் பல்கலைக்கழகத்தின் ராகமை, காலியில் இருக்கும் ருகுணு, அனுராதபுரத்தில் இருக்கும் ரஜரட்ட, குளியாப்பிட்டி, இரத்தினபுரி எல்லாவற்றிலும் பெரும்பாலும் சிங்களம்.

இதை இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். தமிழ் பேசும் நோயாளிகளிடம் படித்தால் மருத்துவத்தைப் பழகுவது இலகு. மனம் முழுக்க நோயில் இருக்கும், சொல்லைத் தேடத் தேவையில்லை. ஆனால் பிறகு வேலைக்குப் போகும் இடம் உங்கள் கையில் இல்லை. எனக்கு உள்ளகப் பயிற்சி சிங்களப் பகுதி ஒன்றில் கிடைத்தது. முதல் இரவுக் கடமையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆச்சி வந்தார். "கொஹேத ரிதென்னே?", எங்கே நோகிறது என்று கேட்க மட்டும் எனக்குத் தெரியும். கேட்டேன். அவர் கடகடவென்று ஐந்து நிமிடம் சொன்னார். எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. தாதி ஒருவர் பக்கத்தில் வந்து நின்று மெதுவாக விளங்கப்படுத்தினார். அந்த ஆச்சி என் கையை விடவே இல்லை. அன்றைக்குப் பட்ட தவிப்பை வேறு பிள்ளைகள் படக் கூடாது என்றுதான் இதை இவ்வளவு நீட்டி எழுதுகிறேன். மட்டக்களப்போ யாழ்ப்பாணமோ எடுத்தால், ஐந்து வருடத்துக்குள் சிங்களம் பேசப் பழகிவிடுங்கள். தெற்கே எடுத்தால், போகும் முன்பே தொடங்குங்கள்.

இரண்டாவது, வீட்டுக்கு வரும் வழி. வரைபடத்தைப் பார்த்தால் பலர் ஆச்சரியப்படுவார்கள். திருகோணமலைக்குக் கிட்டிய மருத்துவபீடம் அனுராதபுரத்து ரஜரட்ட. ஹொரவப்பொத்தானை வழியாக நூறு கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். மட்டக்களப்பு மூதூர், வெருகல், வாகரை வழியாகப் போகும் கரையோர வீதியில் அதைவிடச் சற்றுக் கூட. மூதூர்ப் பிள்ளைக்கு மட்டக்களப்புக் கிட்ட, கந்தளாய்ப் பிள்ளைக்கு அப்படியில்லை. யாழ்ப்பாணத்துக்கு வவுனியா வழியாகப் பாதி நாள் பஸ்ஸில் போய்விடும். கொழும்புக்கு இரவு ஏறினால் விடியப் போகலாம். காலிக்கு அதன் மேல் இன்னொரு பயணம்.

இது சின்ன விஷயம் என்று தள்ளிவிடாதீர்கள். வீட்டில் நோயாளி இருந்தாலோ, அம்மா தனியாக இருந்தாலோ, வெள்ளி பின்னேரம் புறப்பட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வர முடிவது பெரிய காரியம். மறுபக்கம், அடிக்கடி வீட்டுக்கு ஓடிவந்தே முதல் வருடத்தைக் கோட்டைவிட்ட பிள்ளைகளும் உண்டு. உங்கள் பிள்ளையின் குணம் உங்களுக்குத்தான் தெரியும்.

மூன்றாவது, செலவு. படிப்பு இலவசம் என்றாலும் தங்குமிடம், சாப்பாடு, புத்தகம், பயணம் எல்லாம் காசு. பல்கலைக்கழக விடுதி எல்லா வருடத்துக்கும் எல்லோருக்கும் கிடைக்கும் என்று கணக்குப் போட வேண்டாம். வெளியே அறை எடுக்க நேர்ந்தால் கொழும்பிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வாடகை வேறு, மட்டக்களப்பில் வேறு. அங்கே படிக்கும் நம்மூர்ப் பிள்ளை ஒருவரைத் தேடிப்பிடித்து, "ஒரு மாதத்துக்கு உண்மையில் எவ்வளவு முடிகிறது?" என்று கேளுங்கள். அந்த ஒரு பதில் போதும்.

நான்காவது, வைத்தியசாலையும் மாணவர் தொகையும். பெரிய பழைய பீடங்களில் எல்லாத் துறைக்கும் நிபுணர்கள் இருப்பார்கள், அபூர்வமான நோய்களும் அங்கேதான் வந்து சேரும். அதே கட்டிலைச் சுற்றி நிற்கும் மாணவரும் அதிகம். இளைய பீடங்களில் கட்டிடமும் ஆளணியும் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும், ஆனால் நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு விரைவாக வரும். மட்டக்களப்பில் எனக்குக் கிடைத்த நன்மை அதுதான். விரிவுரையாளருக்கு என் பெயர் தெரிந்திருந்தது, பிழை விட்டால் அங்கேயே நிறுத்தித் திருத்தினார்கள்.

ஒன்றையும் கவனியுங்கள். இறுதியில் எல்லாப் பீடத்தவரையும் ஒரே திறமை வரிசையில் அடுக்கித்தான் உள்ளகப் பயிற்சி இடங்கள் பகிரப்படுகின்றன. பீடத்தின் பெயருக்கு அங்கே தனிப் புள்ளி இல்லை. நீங்கள் நிம்மதியாகப் படிக்கக்கூடிய இடமே உங்களை அந்த வரிசையில் மேலே கொண்டுவரும்.

என் சொந்தத் தீர்ப்பைக் கேட்டால்: ஆங்கிலத்தில் தடுமாறும், வீட்டைவிட்டு இதுவரை பிரியாத பிள்ளைக்கு மட்டக்களப்பு அல்லது யாழ்ப்பாணம். சிங்களம் ஓரளவு தெரிந்த, தனியாகச் சமாளிக்கும் பிள்ளைக்குப் பேராதனையும் கொழும்பும் நன்றாகப் பொருந்தும். அனுராதபுரத்தை நம்மவர்கள் யோசிக்காமலே கடைசியில் போடுகிறார்கள். தூரத்தையும் செலவையும் பார்த்தால் அதற்கு இன்னும் கொஞ்சம் மேலே இடம் கொடுக்கலாம்.

6. மருத்துவத்துக்குக் கீழே வெறுமையாக விடாதீர்கள்

மருத்துவக் குறியீடுகளை மட்டும் எழுதி நிறுத்திவிடும் பிள்ளைகள் உண்டு. இசட் புள்ளி நூலிழையில் தவறினால் கையில் ஒன்றுமே இராது. பேராதனையில் பல் மருத்துவமும் கால்நடை மருத்துவமும் இருக்கின்றன. நம்மூரிலேயே, கோணேசபுரியில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் இருக்கிறது. தாதியியல், மருந்தியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், உயிரியல் விஞ்ஞானம் என்று வரிசை நீளும்.

ஆனால் கிடைத்தால் உண்மையில் போய்ப் படிக்கக்கூடியதை மட்டும் எழுதுங்கள். மறுபடி உயர்தரம் எழுதி மருத்துவத்துக்கு முயல எண்ணியிருந்தால், ஒரு பட்டப்படிப்புக்குப் பதிவு செய்தபின் மீண்டும் விண்ணப்பிப்பதைக் கட்டுப்படுத்தும் விதிகளைக் கைந்நூலில் முதலில் வாசியுங்கள். இதைத் தெரியாமல் பதிவு செய்துவிட்டு அழுத பிள்ளையை எனக்குத் தெரியும். பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரத்துக்கு மூன்று முறைதான் தோற்றலாம் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

7. விண்ணப்பத்தை அனுப்புதல்

கைந்நூல் வருடா வருடம் புதிதாக வரும். அண்ணாவின் பழைய கைந்நூலை வைத்து நிரப்பக் கூடாது. புதிய பட்டப்படிப்பு சேர்ந்திருக்கும், விதி மாறியிருக்கும்.

முதலில் கடதாசியில் முழுவதையும் எழுதுங்கள். பிறகு இணையத்தில் ஏற்றுங்கள். முடிவுத் திகதிக்கு ஒரு கிழமை முன்பே முடித்துவிட வேண்டும், கடைசி இரண்டு நாளில் தளம் இழுபடும். ஏற்றியதும் பிரதியை அச்சிட்டு, பிள்ளையும் பெற்றோரும் தனித்தனியாக ஒருமுறை வாசியுங்கள். அதிபரின் உறுதிப்படுத்தல் வேண்டுமென்றால் விடுமுறை நாளைக் கணக்கில் எடுங்கள். தபாலில் அனுப்பச் சொல்லியிருந்தால் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பெறுபேற்றுப் பிரதியோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். வரிசையைப் பிறகு மாற்றலாம் என்று நம்பி அரைகுறையாக எழுதி அனுப்ப வேண்டாம்.

8. நேர்முகப் பரீட்சை வரும் வழிகள்

இரண்டு வழிகளில் நேர்முகம் வரும். ஒன்று, இரத்மலானையில் இருக்கும் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தின் கெடற் (பயிலுனர் படை அதிகாரி) வழி. அங்கே உடல் தகுதிப் பரிசோதனையும் நேர்முகமும் உண்டு, படித்து முடித்தபின் முப்படையில் சேவை செய்யும் கடப்பாடும் உண்டு. கையொப்பமிடும் முன் அந்தக் கடப்பாட்டைக் குடும்பமாக இருந்து வாசியுங்கள்.

மற்றது, வெளிநாட்டுப் புலமைப்பரிசில்கள். பங்களாதேஷ் சார்க் நாடுகளுக்கு ஒதுக்கும் மருத்துவ இடங்கள் போன்றவை அவ்வப்போது அறிவிக்கப்படும். இந்திய கலாசார உறவுகள் சபையின் (ஐசிசிஆர்) புலமைப்பரிசிலில் எம்பிபிஎஸ் அடங்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்கென்று காத்திருந்து வேறு திகதிகளைத் தவறவிடுகிறார்கள்.

நேர்முகத்துக்கு அசல் சான்றிதழ்களை ஒரு கோப்பிலும் பிரதிகளை இன்னொன்றிலும், கடிதத்தில் கேட்ட அதே ஒழுங்கில் அடுக்குங்கள். கேட்டதும் முதல் புரட்டலிலேயே கைக்கு வர வேண்டும். தேடத் தொடங்கினால் பதற்றம் கூடும், பிறகு பேச்சும் தடுமாறும்.

கேள்விகள் பெரும்பாலும் எளிமையானவை. ஏன் மருத்துவம்? படித்துவிட்டுத் திரும்பி வருவீர்களா? கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள்? உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள். பிள்ளைகள் விடும் பெரிய பிழை, ரியூசன் கட்டுரை போல மனப்பாடம் செய்து ஒப்புவிப்பது. கிண்ணியாத் தங்கச்சி ஒருவருக்கு எங்கள் வீட்டில் ஒத்திகை வைத்தேன். "மக்களுக்குச் சேவை செய்வது என் சிறுவயதுக் கனவு" என்று ஆங்கிலத்தில் அட்சரம் பிசகாமல் தொடங்கினார். நிறுத்தி, "உங்கள் ஊரில் மக்களைப் படுத்திய நோய் எது?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு 2017இல் வந்த டெங்குவைச் சொன்னார். வீட்டில் மூன்று பேருக்குக் காய்ச்சல், உம்மா வைத்தியசாலையில், வாளிகளையும் தொட்டியையும் தானே கவிழ்த்துக் கழுவியது. ஆங்கிலம் அங்கங்கே உடைந்தது. ஆனால் கேட்டுக்கொண்டிருந்த எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். அதையே சொல்லுங்கள் என்றேன்.

ஒத்திகையைக் குறைந்தது மூன்று தரம், உங்களுக்குப் பழக்கமில்லாத ஒருவர் முன்னால் செய்யுங்கள். தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்லலாம், அதில் குறைவில்லை. கேள்வி விளங்காவிட்டால் இன்னொரு தரம் கேட்கச் சொல்லுங்கள். திருகோணமலையிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் போய் நேரே நேர்முகத்துக்குள் நுழைய வேண்டாம். முதல் நாளே போய்த் தங்குங்கள். ஹபரணையில் பஸ் பழுதாகி நின்ற கதைகள் எங்கள் விறாந்தையில் நிறைய உண்டு.

9. காசு கட்டி வெளிநாட்டில் படிப்பதென்றால்

பெறுபேறு வந்த கையோடு முகவர்களின் அழைப்பும் வரும். காணியை ஈடு வைக்கும் முன் மூன்றைப் பாருங்கள். அந்தப் பல்கலைக்கழகத்தை இலங்கை மருத்துவ சபை அங்கீகரித்திருக்கிறதா என்று சபையிடமே கேளுங்கள், முகவரின் அச்சுத்தாளை நம்ப வேண்டாம். உயர்தரத்தில் சபை கேட்கும் குறைந்தபட்சப் பெறுபேறு பிள்ளைக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பட்டம் வந்தும் இங்கே பயன்படாது. திரும்பி வந்ததும், இங்கே மருத்துவராகப் பதிவதற்காக எழுத வேண்டிய ஈஆர்பிஎம் பரீட்சையை அந்தக் கல்லூரியில் படித்தவர்கள் எத்தனையாவது முறையில் சித்தியடைகிறார்கள் என்று, படித்து முடித்த ஒருவரையே கேளுங்கள்.

வாட்டில் நோயாளி பேசும் மொழி என்ற கேள்வி இங்கே இன்னும் கூர்மையாக வரும். வகுப்பு ஆங்கிலத்தில் என்று விளம்பரம் சொல்லும், வைத்தியசாலையில் அந்த நாட்டு மொழிதான்.

10. பெயர் வந்ததும்

தெரிவானால் இணையத்தில் பதிவு செய்து, பதிவுக் கட்டணத்தைக் குறித்த திகதிக்குள் கட்ட வேண்டும். திகதி தவறினால் இடம் அடுத்தவருக்குப் போகும். அந்த நாட்களில் மின்னஞ்சலைக் காலையும் மாலையும் திறந்து பாருங்கள்.

மகாபொல புலமைப்பரிசில் விண்ணப்பத்துக்கு வருமான விபரம் வேண்டும், கிராம உத்தியோகத்தரிடம் முன்கூட்டியே போங்கள். மருத்துவப் பரிசோதனைப் படிவம் வந்தால் கடைசி நாள்வரை வைத்திருக்க வேண்டாம்.

பகிடிவதை நடந்தால் பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம். பீடாதிபதியிடமும் யூஜிசியிடமும் முறையிடலாம். போகும் முன்னே பிள்ளையிடம் பெற்றோர் இதை வாய்திறந்து சொல்ல வேண்டும், "என்ன நடந்தாலும் எங்களிடம் சொல்லு" என்று.

பதிவுக்கும் வகுப்புத் தொடங்குவதற்கும் இடையில் மாதக் கணக்கில் காத்திருக்க நேரும். அந்த மாதங்களில் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் ஆங்கிலம், அரை மணி நேரம் சிங்களம். எங்கள் விறாந்தையில் ஞாயிறு பின்னேரங்களில் அதற்கென்றே நாலைந்து பேர் கூடுகிறோம். கந்தளாயிலிருந்து வரும் ஒரு தம்பி சிங்களம் சொல்லிக் கொடுக்கிறார், அவருக்கு மற்றவர்கள் தமிழ் எழுதப் பழக்குகிறார்கள். சென்ற கிழமைப் பாடம்: எங்கே நோகிறது, எப்போது தொடங்கியது, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்.